இலக்கியாவுக்குப் பிறகு

உப்பளத்து ஆட்கள் கடைக்குள் வந்தால் எனக்குக் காது அடைத்துப்போகும். கடல்காற்றுக்கு எதிரே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. நாலு சுவருக்குள் வந்தாலும் அதைக் குறைக்கத் தெரியாது. அதிலும் கொளஞ்சி இருக்கிறாளே, அவள் "பாய்" என்று ஒரு குரல் கொடுத்தால் எதிர்த்த மருந்துக்கடையில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்டவள் அன்றைக்கு வந்து, வாயே திறக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மகள் இலக்கியா.

என் பெயர் நூருல்லா. மரக்காணம் பஜாரில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஆதார், பட்டா நகல், சாதிச் சான்று, முதியோர் பென்ஷன், விதவை பென்ஷன் என்று சர்க்காரிடம் ஊர்க்காரர்கள் கேட்பதெல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். பாதி ஆயுளை சவூதியில் போட்டுவிட்டு வந்தவன் நான். அங்கிருந்து மிச்சம் கொண்டுவந்தது முன்கோபம் ஒன்றுதான் என்பாள் என் மனைவி சைபுன்னிசா. இருக்கட்டும். முட்டாள்தனத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கொளஞ்சி செய்திருந்தது அந்த ரகம்.

அவள் புருஷன் பக்கிரி அளத்தில் வேலை முடித்து சைக்கிளில் திரும்பும்போது ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு கார் அடித்துச் செத்துப்போனான். கேஸ் நடந்தது. நடந்தது என்றால் நடந்தது, ஓடவில்லை. கடைசியில் நஷ்டஈடு வந்தபோது, அது எந்தக் கணக்குக்குப் போகவேண்டும் என்று கேட்டார்கள். கொளஞ்சி யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், எல்லாவற்றையும் மகன் கௌதம் கணக்கில் போடும்படி கைநாட்டு வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஏன்? அவளுக்கு விதவை பென்ஷன் வருகிறது. இலக்கியாவுக்கு, மனவளர்ச்சி குறைவு என்று மாதாமாதம் உதவித்தொகை வருகிறது. பாஸ்புக்கில் பெரிய காசு தெரிந்தால் இரண்டும் நின்றுபோகும் என்று அளத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாதம் பிறந்தால் வருகிற அந்தச் சில்லறைக்குப் பயந்து, புருஷன் உயிருக்கு வந்த காசு மொத்தத்தையும் இன்னொருவர் பெயரில் எழுதிவிட்டாள். எங்கள் ஊர்ப்பக்கம் இவள் ஒருத்தி இல்லை, நிறைய பேர் இதைச் செய்கிறார்கள். மாதாமாதம் வருவதுதான் அவர்களுக்கு நிஜம். மொத்தமாக வருகிறதை நம்பமாட்டார்கள்.

"இன்னா கொளஞ்சி, வேலைக்குப் போகலையா?" என்றேன்.

"பாய், கௌதமுக்குப் பொண்ணு பாத்து முடிச்சாச்சு. திண்டிவனம்."

"நல்ல விஷயம்தானே. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சுக்கினு இருக்க?"

"பொண்ணு வூட்டுக்காரங்க அவன் பாஸ்புக்கப் பாத்துட்டாங்க. அந்தக் காசுல மனை வாங்கிப் போடுங்க, நாங்க வூடு கட்டித் தர்றோம்ங்கறாங்க. இவனும் சரிங்கறான். அது இலக்கியா காசுன்னு சொன்னா, 'அக்காவையும் நான்தானேம்மா பாத்துக்கப் போறேன், வூடு இருந்தா அவளுக்கும் சேத்துதானே'ங்கறான்."

"சரியாத்தானே சொல்றான்."

"சரிதான். அதான் எனக்கு ஒண்ணும் பேச வரல." அவள் இலக்கியாவின் வாயோரத்தை முந்தானையால் துடைத்தாள். "பாண்டி டாக்டரு என் கிட்னி ரெண்டும் சோந்து போச்சுன்னுட்டாரு பாய். வெயில்ல நிக்காதன்றாரு. அளத்துல நெழல் எங்க இருக்குது?"

இலக்கியாவுக்கு முப்பது வயது ஆகப்போகிறது. மனசுக்கு நாலைந்து வயது. சாப்பிடத் தெரியும், சோறு எடுத்துப் போட்டுக்கொள்ளத் தெரியாது. அவ்வப்போது வலிப்பு வரும், அதனால் தனியாக விட முடியாது. மாதத்தில் அந்த நாட்களில் துணி மாற்றிவிட ஆள் வேண்டும். இந்தப் பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கொளஞ்சி எப்படிச் சாவாள்? அவளுக்கு இருந்தது அந்த ஒரே கேள்விதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

நான் கொஞ்சம் கத்தினேன். "முன்னாடியே என்னண்ட கேட்டிருந்தா இன்னா? காசு மொத்தத்தையும் தாரை வாத்துட்டு இப்ப வந்து உக்காந்துக்கினு இருக்க!" என்றேன். இலக்கியா நான் கத்துவதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். அதற்கப்புறம் எங்கே கோபம் நிற்கும்? திண்டிவனத்தில் கலைமதி என்று ஒரு வக்கீல் அம்மா இருக்கிறார், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான வேலையெல்லாம் பார்க்கிறார், விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

விசாரித்தேன். வக்கீல் அம்மா போனில் சொன்னதைச் சொல்ல நானே அளத்துக்குப் போகவேண்டியிருந்தது. கொளஞ்சிக்கு போன் உண்டு, ஆனால் உப்புத்தண்ணியில் விழுந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருவாள்.

சித்திரை மாதம். காலை வெயிலே கண்ணைத் திறக்கவிடவில்லை. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து வருகிற மண்சாலை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வரப்புமேல் நடந்தேன். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக வெள்ளை. கொளஞ்சி முழங்கால்வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நீளக் கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாரி வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்துக் குவித்ததைத் தட்டில் அள்ளித் தலையில் ஏற்றிக்கொண்டு போய் அம்பாரத்தில் கொட்டவேண்டும். காலில் சாக்குத்துணி சுற்றியிருந்தாள். காற்றடித்தால் நின்றுவிடுவாள், அடங்கினதும் இழுப்பாள். ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். முன்னெல்லாம் அப்படி வைக்கமாட்டாள்.

அம்பாரத்தின் நிழலில் தார்ப்பாயை விரித்து இலக்கியாவை உட்காரவைத்திருந்தாள். அவள் இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனை தரையில் அடித்த கட்டையில் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் "பாயீ" என்று எழுந்தாள். கயிறு இழுத்து உட்காரவைத்தது.

"கட்டிப் போட்டிருக்கியே, கொளஞ்சி."

"போன வாரம் எழுந்து வாய்க்கால் பக்கமா போயிட்டா. கட்டாம இன்னா பண்ணச் சொல்ற?" என்று வெடுக்கென்றாள். பிறகு, "வா, வந்து குந்து. வெயில்ல வந்துக்கற. கூழ் குடி" என்றாள்.

தூக்கில் கேழ்வரகுக் கூழ், மோர் விட்டுக் கரைத்தது. சுட்ட நெத்திலிக் கருவாடும் மாங்காய்க் கீற்றும் இலையில் மடித்து வைத்திருந்தாள். இலக்கியாவுக்கு ஊட்டிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள். கருவாட்டில் முள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

"ட்ரஸ்ட்டுன்னு ஒண்ணு எழுதலாமாம்," என்றேன். "காசு கௌதம் பேர்லயும் இருக்காது, உன் பேர்லயும் இருக்காது, இலக்கியா பேர்லயும் இருக்காது."

"அப்ப யாரு பேர்ல?"

"ட்ரஸ்ட் பேர்ல."

"அது யாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பள்ளிவாசலுக்குப் பின்னாடி ஒரு தென்னந்தோப்பு இருக்குதில்ல? அது யாரோடது?"

"பள்ளிவாசலோடது."

"எங்க தாத்தா காலத்துல ஒருத்தர் எழுதி வெச்சது. வக்ஃபுன்னு சொல்லுவோம். தோப்பை ஒருத்தனும் விக்க முடியாது. தேங்கா வித்த காசு மதரசாவுல படிக்கிற புள்ளைங்களுக்கு. பாத்துக்கறதுக்கு ஆளுங்க உண்டு, ஆனா அவனுங்க ஒரு குரும்பையக்கூட வூட்டுக்கு எடுத்துக்கினு போகக்கூடாது. அந்த மாதிரிதான். காசு ட்ரஸ்ட்ல இருக்கும். அதுல வர்றத இலக்கியாவோட சாப்பாடு, மருந்து, துணிமணிக்குத்தான் செலவு பண்ணலாம். அது அவ சொத்து இல்ல, அவளுக்காக வெச்சிருக்கறது. அதனால உதவித்தொகைக்குக் கணக்குப் பாக்கும்போது அதச் சேக்க மாட்டாங்கன்றாங்க அந்தம்மா."

கொளஞ்சி ஊட்டுவதை நிறுத்திவிட்டாள். "பென்ஷன் நிக்காதா?"

"அதுக்குத்தானே இந்த ஏற்பாடே."

"பாத்துக்கறதுக்கு ஆள்னியே, அது யாரு?"

"கௌதமப் போடலாம். கூட இன்னொரு ஆள். ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டாத்தான் காசு வெளிய வரும்."

"அந்த இன்னொரு ஆள் நீ இரு பாய்."

இதை நான் எதிர்பார்த்திருக்கவேண்டும். எதிர்பார்க்கவில்லை. "எனக்கே சுகர், பிரஷர் எல்லாம் இருக்குது. உன் சாதிசனத்துல ஆளா இல்ல?" என்றேன்.

"சாதிசனந்தான் பாய் பயமா இருக்குது," என்றாள்.

வேறு என்ன சொல்வது? சரி என்றேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் சைபுன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். "அடுத்தவங்க நம்பி ஒப்படைக்கிற அமானத்து அது. நாளைக்கு மறுமைல பதில் சொல்லணும், தெரியும்ல?" என்றாள். தெரியும். தெரிந்துதான் சரி என்றேன்.

கௌதம் மறுப்பான் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரம்மாவிடம் வேன் ஓட்டுகிறான். நல்ல பையன். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாம் அவனைத்தான் குற்றம் சொல்கிறார்கள். நான் போனபோது அவன் வாசல்படியில் இலக்கியாவை உட்காரவைத்து அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்ட வெட்ட அவள் காலை உதறினாள். "தோ முடிஞ்சுது, தோ முடிஞ்சுது" என்று அவன் சிரித்துக்கொண்டே பிடித்து வெட்டினான். அவன் பத்தாவது படிக்கும்போதே அப்பன் செத்தான். அன்றைக்கு ஆரம்பித்து அக்காவைத் தூக்கிச் சுமந்தவன் அவன்.

நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல பாய்" என்றான். "அந்தக் காசு என் கணக்குல இருக்கறதே எனக்கு ரோதனைதான். ஆளாளுக்குக் கடன் கேக்கறான். பொண்ணு வூட்ல நான் பேசிக்கறேன். மனை இப்ப இல்லன்னா அப்பால வாங்கிக்கலாம்."

"பாத்தியா கொளஞ்சி, புள்ளைன்னா இவன் புள்ள!" என்றேன் நான்.

அவளுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். அன்றைக்கு என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. சுதும்புக் கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் போட்டது. "நம்ம வூட்டுப் பிரச்சின இவ்ளோ சுளுவா தீரும்னு நெனக்கலியே பாய்" என்று பரிமாறப் பரிமாறச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் நினைக்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன்.

கலைமதியின் ஆபீஸ் திண்டிவனத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில். படியேறும்போதே பன் வேகிற வாசனை. இலக்கியா ஒவ்வொரு படியிலும் நின்று மூக்கை உறிஞ்சினாள். கௌதம் இறங்கிப் போய் அவளுக்கு ஒரு க்ரீம் பன் வாங்கிக் கொடுத்தபிறகுதான் மேலே வந்தாள். வக்கீல் அம்மா பொறுமைசாலி. எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்துக்கொண்டே வந்தார். பணத்தை எங்கே போடுவது, வட்டியில் எதற்கெல்லாம் செலவு செய்யலாம், நானோ கௌதமோ இல்லாமல் போனால் எங்கள் இடத்துக்கு யார் வருவது, எல்லாம்.

"இலக்கியாவைக் கூட இருந்து பாத்துக்கறவங்களுக்கு மாசம் ஒரு தொகை ட்ரஸ்ட்லேருந்து குடுக்கலாம்னு எழுதிடறேன்," என்றார். "அம்மாவுக்கு முடியாமப் போனாலும் ஆள் வெச்சுக்க வசதியா இருக்கும். சரி, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. தப்பா எடுத்துக்காதீங்க, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். இலக்கியாவுக்குப் பிறகு மிச்சம் இருக்கிற பணம் யாருக்கு?"

"அவளுக்குப் பிறகுன்னா?" என்றாள் கொளஞ்சி.

"அவங்க காலத்துக்கு அப்புறம்மா."

"எனக்குத்தான் மேடம்," என்றான் கௌதம். மனசில் ஒன்றும் இல்லாமல், ஓட்டலில் டீ சொல்கிற மாதிரி சொன்னான். "வேற யாரு இருக்கா. எழுதிக்கோங்க."

வக்கீல் அம்மா அடிக்க ஆரம்பித்தார்.

"இரு தாயி. எழுதாத."

எல்லோரும் கொளஞ்சியைப் பார்த்தோம். அவள் இலக்கியாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலக்கியா பன்னிலிருந்த க்ரீமை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா?" என்றான் கௌதம்.

"இவ செத்தா உனக்குக் காசு வரும்னு எழுதறாங்கடா."

"அப்டி இல்லம்மா. இவ காலத்துக்கு அப்புறம்..."

"அதான்டா. இவ போனாத்தான் உனக்கு வரும். போற வரைக்கும் வராது."

கௌதமுக்கு முகம் சிவந்தது. "இன்னாம்மா பேசற நீ? நான் அதுக்காகக் காத்துக்கினு இருப்பனா? அக்கா சாகணும்னு நெனப்பனா?"

"நீ நெனக்க மாட்ட. இன்னிக்கு நெனக்க மாட்ட." அவள் குரல் தணிந்துதான் இருந்தது. "நாளைக்கு உனக்கு ரெண்டு புள்ள பொறக்கும். ஃபீஸ் கட்டணும்பாங்க. உன் பொண்டாட்டி, 'அந்தக் காசு சும்மாத்தானே தூங்குது'ம்பா. அவளையும் தப்பு சொல்ல மாட்டேன், அவ புள்ளைக்குத்தானே கேக்கறா. அந்த நேரத்துல இவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தா? பாண்டிக்கு இட்டுக்கினு போலாமா, இங்கயே ஒரு ஊசி போட்டுக்கினு பாக்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிப்பியா மாட்டியா? அந்த ஒரு நிமிஷந்தான்டா எனக்கு பயம்."

"அப்டி யோசிச்சா நான் மனுசனா?"

"மனுசன்றதாலதான்டா யோசிப்ப."

வக்கீல் அம்மா, "சாதாரணமா கூடப் பொறந்தவங்களுக்குத்தான்மா எழுதுவாங்க. அவங்கதானே பாத்துக்கறாங்க" என்று மெதுவாகச் சொன்னார். "வேணும்னா சொந்தத்துல வேற யாருக்காவது..."

"யாருக்கு எழுதினாலும் அவன் இவ மூஞ்சியப் பாத்துக்கினு குந்தியிருப்பான்." கொளஞ்சி இலக்கியாவின் விரலில் ஒட்டியிருந்த க்ரீமை முந்தானையால் துடைத்தாள். அப்புறம், "ஐயனாருக்கு எழுது" என்றாள்.

கீழ்புத்துப்பட்டு ஐயனார் அவர்கள் குலதெய்வம். எனக்கு அந்த வழக்கம் தெரியும், ஊரில் பாதி வீட்டில் உண்டு. வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டால், வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் அதை ஒருத்தரும் அவிழ்க்கமாட்டார்கள். திருடன்கூட அந்த முடிச்சைத் தொட யோசிப்பான். 'தானே' புயலில் இவர்கள் வீட்டுக் கூரை பறந்தபோது, ஐயனாருக்கு முடிந்த காசு கையில் இருந்தும் பக்கிரி என் வாப்பாவிடம் வந்து கைமாத்து கேட்டு வாங்கிப்போய்த்தான் கீற்று வாங்கினான். கொளஞ்சி மகளை அந்த முடிச்சுக்குள் வைத்துக் கட்டப் பார்த்தாள்.

"கோயில் அன்னதானத்துக்குன்னு எழுதலாம்," என்றார் வக்கீல் அம்மா. "அதுல தடை ஒண்ணும் இல்ல. ஆனா..." என்று கௌதமைப் பார்த்தார்.

கௌதம் எழுந்து நின்றுவிட்டான். "அப்ப நான் அவளுக்கு யாரும்மா? அவ பேண்ட துணிய நான் தொவச்சிருக்கேன். பள்ளிக்கூடத்துப் பசங்கல்லாம் சிரிக்கச் சிரிக்க முதுகுல தூக்கிக்கினு போயிருக்கேன். எனக்கு அந்தக் காசு ஒண்ணும் வேணாம். ஆனா நீ என்னய நம்பலன்னு இந்தம்மா எதிர்ல, பாய் எதிர்ல சொல்லிட்டியே!"

"உன்ன நம்பாம இல்லடா. காச நம்பல."

"ரெண்டும் ஒண்ணுதான்." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி. ஐயனாருக்கே எழுது. நாளைக்கு நீ படுத்துட்டா அக்காவுக்குத் துணி மாத்தறது யாரு? ஐயனாரு குதிரைல ஏறி வந்து மாத்துவாரா?"

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது, இரண்டு பேர் மேலும் பரிதாபமாகவும் இருந்தது. அவள் சொன்னதும் நியாயம், அவன் கேட்டதும் நியாயம். இந்த மாதிரி இடத்தில் ஒரு மூன்றாவது மனுஷன் என்ன பேசுவான்?

"எங்க கையெழுத்துப் போடணும் மேடம்?" என்றான் கௌதம். "பணத்த மாத்தறதுக்கும் சேத்து குடுங்க. இன்னிக்கே போட்டுட்டுப் போறேன்."

போட்டான். காட்டிய இடத்திலெல்லாம் போட்டுவிட்டு, கீழே இறங்கிப் போய் வேனில் உட்கார்ந்துகொண்டான். இலக்கியா "தம்பீ, தம்பீ" என்று படியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

பத்திரம் பதிவாயிற்று. பஜாரில் என்னைக் கிண்டல் பண்ணாத ஆள் இல்லை. "ஐயனார் காசுக்கு பாய் காவலாமே, பொங்கல் எப்போ பாய்?" என்று தலையாரி ராஜாங்கம் போகிறபோதும் வருகிறபோதும் கேட்பார். "உனக்கு சக்கரப் பொங்கல் தர்றேன், சுகர் ஏறிச் சாவு" என்பேன். உதவித்தொகை நிற்கவில்லை. விசாரணைக்கு ஆள் வந்தபோது பத்திர நகலைக் காட்டினேன், பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தவரைக்கும் எல்லாம் வக்கீல் அம்மா சொன்னபடிதான் நடந்தது.

மற்றது நடக்கவில்லை. மனை வாங்கக் காசு இல்லை என்றதும் பெண் வீட்டார் முணுமுணுத்தார்கள். கல்யாணமே நிற்கும்போல் இருந்து, எப்படியோ கோயிலில் வைத்துத் தாலிகட்டி முடித்தார்கள். கௌதம் மாமியார் வீட்டோடு போய்விட்டான். மாதத்துக்கு ஒருதரம் வருவான். என் கடையில் உட்கார்ந்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவான். "வூட்டுக்குப் போயிட்டு வாடா, உங்கக்கா கேக்கறா" என்றால், "வேலை இருக்குது பாய்" என்பான். ஒருதடவை நான் சத்தம் போட்டேன். "காசுக்குத்தான் நான் ஆகாதவன், துணி தொவைக்க மட்டும் ஆவனா பாய்?" என்று கேட்டான். அப்புறம் நான் சத்தம் போடவில்லை.

இலக்கியாவைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதப்பணம் என்று எழுதியிருந்ததே, அதை நம்பி ஆள் தேடினோம். கூனிமேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். முதல் வலிப்பைப் பார்த்ததும் பயந்து ஓடிவிட்டாள். ஆராயி என்று அளத்துக்காரி ஒருத்தி கொஞ்ச காலம் இருந்தாள். இலக்கியா தீட்டான நாட்களில் வரமாட்டேன் என்றாள். அந்த நாட்களுக்குத்தானே ஆள் வேண்டும்! புதுச்சேரிப் பக்கம் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான ஒரு இல்லத்தில் விட்டுப் பார்த்தார்கள். அங்கே நல்லபடிதான் பார்த்துக்கொண்டார்கள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் இலக்கியா வாயைத் திறந்து ஒரு பருக்கை உள்ளே விடவில்லை. கொளஞ்சி போய்த் திரும்ப அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "அவளுக்கு என் கைதான் பாய் கை. வேற கைய கடிக்கறா" என்றாள். பெருமையா, அழுகையா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மழை ஆரம்பித்தது. பாத்தியெல்லாம் முழுகி அளம் மூடியாயிற்று. கொளஞ்சிக்குக் கால் வீங்கிப்போய் செருப்பு நுழையவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ண வா என்கிறார் டாக்டர். போனால் அத்தனை நேரம் இலக்கியாவை யாரிடம் விடுவது? இவளையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இவள் கத்துகிறாள். பாதி நாள் போகவில்லை. "போகாம இருந்தா செத்துடுவ" என்றேன். "செத்தா இவ?" என்றாள். "அதுக்குத்தான் போன்றேன்" என்றேன். "போனா இவள எங்க விடறது?" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் இதையே எத்தனை தடவை பேசியிருப்போம் என்று கணக்கில்லை. சைபுன்னிசா சில நாள் இலக்கியாவை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் முட்டிவலி. ஒருநாள் இலக்கியா அவளைத் தள்ளிவிட்டதில் கை பிசகிக்கொண்டது. அத்தோடு அந்த வழியும் அடைந்தது.

கார்த்திகையில் ஒரு காலையில் ஆட்டோக்காரன் தேவா கடைக்கு ஓடிவந்தான். இலக்கியாவுக்கு வலிப்பு நிற்கவே இல்லை என்றும், புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருவதாகவும் சொன்னான். ட்ரஸ்ட் காசு எடுக்கவேண்டுமே, கௌதமுக்கு போன் போட்டேன். வேனை அப்படியே திருப்பிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டான். "நீயும் வாடா" என்றேன். "அம்மா கூப்டட்டும், வர்றேன்" என்றான். அம்மா கூப்பிடமாட்டாள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தபோது ஆபத்து தாண்டிவிட்டது என்றார்கள். இலக்கியா மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தாள். கொளஞ்சி வராந்தாவில் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் வாங்கிப்போன இட்லியைத் தொடவில்லை.

"அதான் பொழச்சுக்கிட்டால்ல. சாப்பிடு," என்றேன்.

"பாய், உன்னண்ட ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாத." சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "காலைல வந்துச்சு இல்ல, எப்பவும் வர்றது இல்ல இது. ஒண்ணு நிக்கறதுக்குள்ள அடுத்தது. ஒதடு நீலம் பூத்துச்சு. நான் பக்கத்துலதான் நிக்கறேன். பக்கத்து வூட்லயே தேவா ஆட்டோ நிக்குது. ஒரு சத்தம் குடுத்தா வந்துடுவான்."

"ம்."

"நான் கூப்டல பாய்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நின்னேன். எவ்ளோ நேரம்னு தெரியல. 'ஐயனாரே, எடுத்துக்கோ, நான் உசுரோட இருக்கும்போதே எடுத்துக்கோ, இதோட முடிச்சுக்கோ'ன்னுக்கினு நின்னேன். அப்பாலதான் பாத்தேன், அவ கை என் புடவையப் புடிச்சுக்கினு இருந்துச்சு. அந்த வலிப்புலயும் வுடல. அதப் பாத்துட்டுத்தான் வெளிய ஓடினேன்."

அவள் அழவில்லை. வாயை மட்டும் முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"இவ சாவுக்கு ஒருத்தரும் காத்துக்கினு இருக்கக்கூடாதுன்னு பெத்த புள்ளையவே வெட்டி விட்டேன். இப்ப காத்துக்கினு இருக்கறது யாரு பாய்? நான்தான். எல்லாத்தையும் எழுதித் தள்ளி வெச்சேனே, என்னய எந்தப் பத்திரத்துல எழுதித் தள்ளி வெக்கறது?"

யா அல்லாஹ்! எனக்குத்தான் அழுகை வந்தது. "நீ கூப்டியே, கடைசில கூப்டியே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "இலக்கியாவோட ஆள் யாரும்மா?"

"நான்தான்," என்று கொளஞ்சி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னும் ரெண்டு மூணு நாள் இருக்கணும். உங்களுக்கே உடம்பு முடியல போலிருக்கு. மாத்திக்கறதுக்கு வேற ஆள் இருக்காங்களா?"

கொளஞ்சி என்னைப் பார்த்தாள். பிறகு நர்ஸைப் பார்த்தாள்.

"நான்தாம்மா," என்று மறுபடி சொல்லிவிட்டு, வீங்கின காலை இழுத்து இழுத்து வைத்து உள்ளே போனாள்.